ஒரே சாலையில் இரண்டு பெட்ரோல் பங்க்: ஒன்றில் மட்டும் கூட்டம் ஏன்?

கேள்வி

திண்டுக்கல்லில் நான் வேலைக்குச் சென்றுவரும் சாலையில் ஏறத்தாழ 300 மீட்டர் இடைவெளியில் இரண்டு பெட்ரோல் பங்க்குகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் பங்க்குகள். விலையில் பைசா வேறுபாடு கிடையாது. ஆனாலும் மாலையில் ஒன்றின் வரிசை சாலையை எட்டிவிடுகிறது, மற்றொன்றில் ஊழியர்கள் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும், "அங்கே போட்டால்தான் மைலேஜ் கிடைக்கிறது" என்கிறார்கள். ஒரே கிடங்கிலிருந்து டேங்கர் லாரியில் வந்து இறங்கும் பெட்ரோலுக்கு அப்படியொரு வேறுபாடு இருக்க முடியுமா? நானும் அந்த நீண்ட வரிசையில்தான் நிற்கிறேன். ஏன் நிற்கிறேன் என்பதுதான் விளங்கவில்லை.

பதில் 1

பதினோரு ஆண்டுகள் பங்க் மேலாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் காலை 6 மணிக்கு விலையை மாற்றியமைக்கும் முறை இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களின் பங்க்குகளில் விலையை முடிவுசெய்வது நிறுவனமே, உரிமையாளருக்குக் கிடைப்பது லிட்டருக்கு இவ்வளவு என்று வகுக்கப்பட்ட கமிஷன் மட்டுமே. மளிகைக் கடைக்காரரைப் போல விலையைக் குறைத்து ஆள் பிடிக்க அவரால் முடியாது என்பதால், போட்டி முழுவதும் விலைப்பலகைக்கு வெளியே நடக்கிறது.

முதலில் சென்டர் மீடியனைப் பாருங்கள். வீடு திரும்புகிறவர் இடப்பக்கமாகவே உள்ளே நுழைந்து, இடப்பக்கமாகவே வெளியேற முடிகிற பங்க்கை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்துப் பங்க்குக்காக யு-டர்ன் அடிக்க மாட்டார். அடுத்தது ஷிப்ட் மாறும் நேரம். ரீடிங் எடுத்துக் கணக்கை ஒப்படைக்கும்வரை பம்ப் நிற்கும். அந்தக் கால் மணி நேரம் மாலை நெரிசலில் வந்து விழுந்தால், காத்திருந்து சலித்தவர் மறுநாள் வேறு பங்க்குக்குப் போய்விடுவார். நாங்கள் மாலை 6 மணி ஷிப்ட்டைப் பிற்பகல் 2 மணிக்கு மாற்றிய பிறகு வந்த வண்டிகளின் எண்ணிக்கை எனக்கே வியப்பளித்தது.

மூன்றாவதாக, பம்ப் திரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது. நூறு ரூபாய்க்குப் போடும் இருசக்கர வண்டிக்காரர் கழுத்தைத் திருப்பாமல் எண்களைப் பார்க்க முடிய வேண்டும். "சார், ஜீரோ பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தலையசைக்கும்வரை நாசிலை அழுத்தாத பையன் ஒருவன் எங்களிடம் இருந்தான். அவன் நிற்கும் பம்ப்பைத் தேடி வந்து நின்றவர்கள் உண்டு.

பதில் 2

மேலே சொன்னவை இருசக்கர வண்டிகளுக்குப் பொருந்தும். லாரிக்குக் கணக்கு வேறு. எங்களிடம் இரண்டு லாரிகள் ஓடுகின்றன. டிரைவர் முதலில் பார்ப்பது, வண்டியை ரிவர்ஸ் எடுக்காமல் வளைத்து வெளியேற இடம் இருக்கிறதா என்பதைத்தான். பிறகு குளிக்கத் தண்ணீர், பயமின்றித் தூங்க வெளிச்சமான இடம், பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கும் ஓட்டல். ஃப்ளீட் கார்டு (லாரி உரிமையாளர்களுக்கு எண்ணெய் நிறுவனம் தரும், அதன் பங்க்குகளில் மட்டும் செல்லும் அட்டை) வாங்கியவர்களுக்கு நிறுவனத்தையே மாற்ற முடியாது என்பதால், அந்த நிறுவனத்தின் பங்க்குகளுக்குள்தான் தேர்வு நடக்கும். விலை உண்மையிலேயே முடிவுசெய்யும் இடம் புதுச்சேரி எல்லைதான்: அங்கே வரி குறைவு என்பதால், தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் பங்க்கைத் தாண்டிப் போய் டேங்கை நிரப்பாதவர் அரிது.

பதில் 3

மைலேஜ் பேச்சை நான் நம்புவதில்லை. டயர்க் காற்று, நெரிசல், பின்னால் அமர்ந்தவரின் எடை ஆகியவற்றில் ஒன்று மாறினாலே அந்தக் கணக்கு தவறிவிடும். அளவில் ஐயம் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்: எல்லாப் பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குடுவை இருக்க வேண்டும், அதில் 25 மில்லி வரைதான் வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. ஒரு முறை நான் கேட்டபோது ஊழியர் முகம் சுளித்தார். ஆனால் அளவு சரியாகவே இருந்தது, அதன் பிறகும் நான் அங்கே போகவில்லை. சரியான அளவைவிட அந்த முகம்தான் நினைவில் நிற்கிறது.

ஒரே சப்ளையிலும் வேறுபாடு வரக்கூடிய இடம் ஒன்று உண்டு: நிலத்தடித் தொட்டி. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், மழைநீர் கசிந்தால் எத்தனால் அந்த நீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், ஒரு பங்க்கில் பெட்ரோல் போட்ட என் ஸ்கூட்டர் இரண்டு கிலோமீட்டருக்குள் நின்றது. மெக்கானிக் கண்ணாடி பாட்டிலில் இறக்கிக் காட்டியபோது, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கலங்கிய நீர் தனியாக நின்றது. அந்தப் பங்க் பின்னர் தொட்டியைச் சரிசெய்துவிட்டது என்கிறார்கள், ஆனால் எங்கள் தெருவில் இன்னும் யாரும் அங்கே போவதில்லை.

கேள்வி கேட்டவர்

நேற்று மாலை இரண்டையும் நின்று பார்த்தேன். என் வீட்டுத் திசையில் முதலில் வருவது கூட்டமில்லாத பங்க்தான், எனவே மீடியன் காரணம் இங்கே பொருந்தவில்லை. ஆனால் அதன் காற்றுப் பம்ப்பில் குழாய் சுருட்டி வைக்கப்பட்டு, மேலே பழைய சாக்கு போர்த்தப்பட்டிருந்தது. கூட்டமிருக்கும் பங்க்கில் முதியவர் ஒருவர், கேட்காமலே குனிந்து இரண்டு டயருக்கும் காற்றுப் பிடித்துவிட்டு, அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். என் வண்டிக்கும் வாரந்தோறும் அவர்தான் காற்றுப் பிடிக்கிறார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மைலேஜ் கூடுவதாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை போலும்.