மொக்குஹங்கா: தாள் சுருங்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. மொக்குஹங்கா எனும் ஜப்பானிய மரக்கட்டை அச்சு செய்பவர்கள் இங்கே இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

ஷினா எனும் ஜப்பானிய லிண்டன் மரத்தின் பிளைவுட்டில் செதுக்குகிறேன். நீர் வண்ணமும் அரிசிப் பசையும் கட்டையில் வைத்துத் தூரிகையால் பரப்பி, ஈரத் தாளைப் போட்டு பாரென் எனும் வட்டத் தேய்ப்பானால் தேய்க்கிறேன். முதல் வண்ணங்கள் சரியாக விழுகின்றன. அப்புறம்தான் தொல்லை. கென்டோ வெட்டில் (ஒவ்வொரு வண்ணத்துக்கும் தாளை அதே இடத்தில் பொருத்தக் கட்டையில் செதுக்கும் அடையாளம்) தாளின் மூலை கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். எதிர் மூலையில் பார்த்தால் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவே மயிரிழை வெள்ளை தெரியும். கென்டோ பக்கம் சரியாக இருப்பதால், தாள் காய்ந்து சுருங்குகிறது என்றே நினைக்கிறேன். நனைத்த செய்தித்தாள்களுக்கு நடுவே அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் வைக்கிறேன். அப்படியும் ஓரங்கள் முந்திக் காய்கின்றன. நாள் கணக்கில் அச்சிடும்போது ஈரத்தை எப்படி ஒரே அளவில் வைத்திருக்கிறீர்கள்? பூஞ்சை வராமல்?

இன்னொன்று, டோசா: வண்ணம் ஊறாமலிருக்க வஜ்ரப் பசையும் (விலங்குப் பசை) படிகாரமும் கலந்து தாளில் பூசும் பூச்சு. அது பூசாத கோசோ (காகித மல்பெரி நார்) தாளில் வண்ணம் ஊறிப் பரவுகிறது. படிகாரம் கூடினால் நாளடைவில் தாளுக்கே கேடு. நீங்கள் வஜ்ரப் பசையும் படிகாரமும் என்ன விகிதத்தில் கலக்கிறீர்கள்?

2011இல் கியோட்டோவிலும் அவாஜியிலும் தொடங்கிய சர்வதேச மொக்குஹங்கா மாநாடு, 2024இல் காகிதத்துக்குப் பேர்போன எச்சிசெனில் நடந்தது. போய்வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்குள்ள பட்டறைகளில் சிறிய அளவில் தாள் வாங்க முடியுமா என்று அவசியம் சொல்லுங்கள். பல வண்ண அச்சைத் தாங்கும் தாள்தான் எனக்கு இப்போது முக்கியம்.