கருப்பு வெள்ளை எழுத்தாளர் படங்க சேக்கணும், ஒரிஜினல்னு எப்படி கண்டுபிடிக்கறது?

மஞ்சக்குப்பம்_வாசகன்:
எல்லாருக்கும் வணக்கம், கடலூர்ல இருந்து கேக்கறேன். புதுவை இளவேனில் எடுத்த கி.ரா. படங்க, சுந்தர ராமசாமி படங்க எல்லாம் பாத்து பாத்து மனசுலயே நிக்குது, ஒரு எழுத்தாளர் முகத்த இவ்ளோ கிட்ட போயி இவ்ளோ மரியாதையா எடுக்கலாம்னு எனக்கு காட்டுனதே அந்த கருப்பு வெள்ளை படங்கதான். இப்ப கையில கொஞ்சம் காசு நிக்குது, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டாவது நல்ல பிரிண்டா வாங்கி சேக்கணும்னு ஆச. போன வாரம் பாண்டி சண்டே மார்க்கெட்ல ஒருத்தர் பிரேம் போட்ட பழைய படங்க வச்சிருந்தாரு, கோயில், தெரு, ஸ்ரீ அரவிந்தர்னு எல்லாமே ஒரிஜினல்ங்கறாரு, யாரு எடுத்ததுன்னு கேட்டா பதில் இல்ல. இத எப்படி நம்பறது? அதோட நம்மளது கடல்காத்து ஊரு, மழ மாசத்துல பீரோல இருக்கற துணியே பூஞ்சை வாசன அடிக்குது, படம் தாங்குமா?

டார்க்ரூம்_ஆளு:
தம்பி, வாட்ச் ரிப்பேர்காரங்க கண்ணுல வச்சிக்கற லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க, அத வச்சு படத்துல சாம்பல் கலரா இருக்கற எடத்த பாருங்க. புள்ளிங்க வரிசையா ஒழுங்கா தெரிஞ்சா புத்தகத்துலயோ காலண்டர்லயோ அச்சடிச்சத வெட்டி பிரேம் போட்டிருக்காங்க, தெளிச்ச மாதிரி மைத்துளி தெரிஞ்சா இங்க்ஜெட், ரெண்டும் இல்லாம கருப்புல இருந்து வெள்ளைக்கு வழுக்கிக்கிட்டு போனா டார்க்ரூம் பிரிண்டா, அதாவது இருட்டறையில ஃபிலிம்ல இருந்து கழுவி எடுத்ததா, இருக்க வாய்ப்பு அதிகம். பிரேம கழட்டி பின்னாடி பாக்காம காசு குடுக்காதீங்க, ஸ்டுடியோ ரப்பர் ஸ்டாம்ப், பென்சில்ல எழுதுன தேதி எல்லாம் அங்கதான் இருக்கும். 1950ல போட்ட பிரிண்டுன்னு சொல்லிட்டு பிளாஸ்டிக் பூசின வழவழ பேப்பர்ல இருந்தா அது அப்புறமா போட்டது, ஏன்னா அந்த ஆர்சி பேப்பரு பரவலா வந்ததே 1970கள்லதான். ஓரத்துல கருப்பு எடம் கண்ணாடி மாதிரி வெள்ளியா மின்னுச்சுன்னா பயப்படாதீங்க, வெள்ளி உப்புல போட்ட படம் வயசானா அப்படித்தான் ஆகும், எனக்கு அது புடிக்கவும் செய்யும்.

ஸ்ரீ அரவிந்தர் படம்னா இன்னும் உஷாரா இருங்க. 1950 ஏப்ரல்ல கார்த்தியே பிரெஸ்ஸோன்ங்கற பிரெஞ்சு போட்டோகிராஃபர் ஆசிரமத்துக்கு வந்து எடுத்தாரு, அதே வருஷம் டிசம்பர்ல அரவிந்தர் மறைஞ்சிட்டாரு, அந்த படங்களோட மறுபதிப்பு எவ்ளோவோ சுத்துது.

லாஸ்பேட்டை_செல்வி:
டார்க்ரூம் அண்ணன் சொன்னதெல்லாம் பழைய படத்துக்கு சரி. ஆனா தம்பி கேக்கறது இளவேனில் படம், நம்ம காலத்து கலைஞர், நம்ம ஊர்க்காரர், அவருக்கு எதுக்கு லென்ஸு? நேரா அவர்கிட்டயே கேளுங்க. இப்ப எடுக்கற படத்துக்கு இங்க்ஜெட்டுங்கறது குறையே இல்ல, பிக்மென்ட் மைல (சீக்கிரம் வெளுக்காத நிறத்தூள் மை) நல்ல பருத்தி பேப்பர்ல போட்டா ரொம்ப வருஷம் நிக்கும். எடுத்தவர் பாத்து சரின்னு சொன்ன பிரிண்டா, அவர் கையெழுத்து இருக்கா, எப்ப எங்க எடுத்தது, அந்த பிரிண்டு எந்த வருஷம் போட்டதுன்னு எழுதி குடுத்தாரா, ஒரிஜினல்னா என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான். கி.ரா. 2021ல போயிட்டாரு, சு.ரா. 2005லயே போயிட்டாரு, அவங்க முகத்த இனிமே யாரும் புதுசா எடுக்க முடியாது, அப்படிப்பட்ட படத்துக்கு எடுத்தவர் கையாலேயே விவரம் எழுதி வாங்கறது எவ்ளோ பெரிய விஷயம்.

ஓ.டி_பையன்:
அக்கா எல்லாம் நெட்லயே இருக்கு, டவுன்லோட் பண்ணி லேப்ல குடுத்தா முடிஞ்சிது, எதுக்கு இவ்ளோ செலவு?

லாஸ்பேட்டை_செல்வி:
அதுக்கு பேரு சேகரிப்பு இல்ல தம்பி. நெட்ல இருக்கறது சுருக்குன ஃபைல், பெருசா போட்டா நெழல் எல்லாம் ஒரே கருப்பா அடைச்சிக்கும். அதவிட முக்கியம், 2012ல காப்பிரைட் சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் போட்டோவுக்கும் எடுத்தவர் காலம் முழுக்க, அவருக்கு அப்புறம் 60 வருஷம் உரிமை உண்டு. காசு குடுத்து பிரிண்ட் வாங்கினாலும் அத புத்தக அட்டையில போடவோ காப்பி போட்டு விக்கவோ நமக்கு உரிமை வராது. ஒரு கலைஞர் தொடர்ந்து வேலை செய்யணும்னா நாம காசு குடுத்துத்தான் ஆகணும்.

திருப்பாப்புலியூர்_ராஜி:
பூஞ்சை பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல நின்னா படத்து மேல பூஞ்சை புடிக்கும், நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையில அதுக்கு மேலதான் எப்பவும். லேமினேஷன் வேணாம், பசை தடவுன ஆல்பம் வேணாம், செல்லோடேப் வேணவே வேணாம். பிவிசி கவர்ல போடாதீங்க, பாலியஸ்டர் கவர் கேட்டு வாங்குங்க. பிரேம் போட்டா கண்ணாடி படத்த தொடக்கூடாது, நடுவுல ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு (படத்த சுத்தி வைக்கற கெட்டி அட்டை) வச்சு எடவெளி விடச் சொல்லுங்க. 2011 டிசம்பர் 30ல தானே புயல் அடிச்சப்ப எங்க பெரியம்மா வீட்டு ஆல்பம் நனைஞ்சிது, காய வச்சு பிரிச்சாங்க, முகத்தோட உரிஞ்சு வந்துருச்சு. நனைஞ்ச படத்த காயவே விடக்கூடாது, ஈரமா இருக்கும்போதே சுத்தமான பச்சத் தண்ணியில போட்டு மெதுவா பிரிச்சு, முகம் மேல இருக்கற மாதிரி நெழல்ல காய வைக்கணும்.

மஞ்சக்குப்பம்_வாசகன்:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. சண்டே மார்க்கெட் படத்த விட்டுட்டேன், இளவேனில் சார்கிட்ட கேட்டு ஒரு கி.ரா. படத்துல ஆரம்பிக்கறேன். ஒரே ஒரு சந்தேகம், கெழக்கு பாத்த சுவத்துல மாட்டலாமா?

திருப்பாப்புலியூர்_ராஜி:
வேணாம் தம்பி. வெளிச் சுவரு மழையில ஈரத்த இழுக்கும், காலைல வெயிலும் நேரா விழும். ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்கற சுவத்துல மாட்டுங்க, பின்னாடி நாலு மூலையிலயும் சின்ன கார்க் ஒட்டி காத்து போக வழி விடுங்க.