தெரு பார்க்க விழுந்தவர்கள்

குழு: சிவதாபுரம் பெரிய வீடு
குழு அறிவிப்பு (பெரியப்பா): அரைகுறை வாக்கியமும் பொம்மைப் படமும் இங்கே வேண்டாம். எழுதுவதை முழுத் தமிழில் எழுதுங்கள்.

*பெங்களூர் அத்தான், காலை 8:12*
நேற்று சேலத்தில் நடந்த கூட்டத்தின் காணொளியை அனுப்பியிருக்கிறேன். ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கும் 200 ரூபாய்க்கும் இத்தனை பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்றால், இந்த ஊரை யாராலும் திருத்த முடியாது.

*சித்தப்பா, 8:40*
மாப்பிள்ளை, அதில் இரண்டாவது நிமிடத்தில் நீலச் சட்டையோடு நிற்பவன் நான்தான். எனக்கு யாரும் பணம் தரவில்லை. பிரியாணி கொடுத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கவும் மாட்டேன்.

*மேட்டூர் அத்தை, 8:43*
அந்த வெயிலில் எதற்குப் போனாய், தம்பி? மாத்திரையாவது போட்டுக்கொண்டாயா?

*பெங்களூர் அத்தான், 8:50*
மன்னித்துவிடுங்கள், சின்ன மாமா. உங்களை நினைத்து எழுதவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: அந்தத் தலைவர் வந்தால் உங்கள் கொலுசுப் பட்டறை மறுபடி திறந்துவிடுமா?

*சித்தப்பா, 9:17*
திறக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பட்டறையில் ஆறு பேர் இருந்தார்கள். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். சனிக்கிழமைதோறும் கூலியை ரொக்கமாகக் கொடுத்துப் பழகிய என் கையில் அந்தச் சனிக்கிழமை கொடுப்பதற்கு நோட்டு இல்லை. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, வெளியூர் இயந்திரக் கொலுசு ஏற்கெனவே கடைகளை நிறைத்திருந்தது, கடைசியாக ஊரடங்கு வந்தது. இன்று இதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேனே, அன்று இதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் தொழில் நடத்தத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

குழுக் கடன் வசூலுக்கு வந்தவர் என் மனைவியை வாசலில் நிறுத்தித் தெரு முழுக்கக் கேட்கும்படி பேசியபோது, நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கடனை இரண்டு வருடத்தில் அடைத்துவிட்டேன். அங்கே ஒளிந்து நின்றதுதான் இன்னும் அடையவில்லை. ஐந்து ரோட்டில் காவலாளி வேலைக்குச் சேர்ந்த நாட்களில் முகக்கவசம் கட்டாயமாக இருந்தது. பழைய வியாபாரிகள் என்னைத் தாண்டிப் போனபோது அது எனக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று அவர் மேடையில், ‘நீங்களாகத் தோற்கவில்லை, உங்களைத் தோற்கடித்தார்கள்’ என்றார். இத்தனை வருடங்களில் அந்த ஒரு வார்த்தையை இந்தக் குழுவில் இருப்பவர்கள்கூட என்னிடம் சொன்னதில்லை.

*கென்டக்கி அக்கா, 9:48*
சித்தப்பா, நான் இருக்கும் மாநிலத்தின் கிழக்கே அப்பலாச்சிய மலையில் நிலக்கரி ஊர்கள் இருக்கின்றன. அங்கே நீங்கள் சொன்ன கதையைத்தான் வேறு பெயர்களில் சொல்வார்கள். 1964இல் அதிபர் ஜான்சன் இனெஸ் என்ற ஊருக்கு அருகே ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டு முன்திண்ணையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் உலகம் முழுவதும் போயிற்று. உதவ வந்தவர்தான், ஆனால் ‘ஏழை மலைவாசி’ என்ற பெயர் அந்த ஊர்களோடு ஒட்டிக்கொண்டது. பிறகு இயந்திரங்களும் மலிவான இயற்கை எரிவாயுவும் சுரங்க வேலையைத் தின்றன. 1996இல் சந்தைக்கு வந்த ஒரு வலி மாத்திரை, முதுகு ஒடிந்த சுரங்கத் தொழிலாளர்களை அடிமையாக்கியது.

2016 மார்ச்சில், அதிபர் தேர்தலுக்கு நின்ற ஹிலாரி கிளின்டன், நிலக்கரித் தொழிலாளர்கள் பலர் வேலை இழப்பார்கள் என்று பொருள்படும் ஒரு வாக்கியம் பேசினார். அவர்களுக்கு மாற்று வேலை தரும் திட்டத்தைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். மக்கள் காதில் நின்றது அந்த ஒரு வாக்கியம். மே மாதம், பக்கத்து நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்த அவருடைய எதிர்ப் போட்டியாளர் டிரம்ப், சுரங்கத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மண்வெட்டியால் அள்ளுவதுபோல் நடித்துக் காட்டினார். அந்த மாநிலத்தில் நூற்றுக்கு 68 வாக்கு அவருக்கு விழுந்தது.

*பெங்களூர் அத்தான், 9:55*
சுரங்க வேலை திரும்பியதா?

*கென்டக்கி அக்கா, 9:58*
இல்லை, அத்தான். 2021இல் அவர் பதவியைவிட்டு இறங்கியபோது, வந்தபோது இருந்ததைவிடவும் குறைந்திருந்தது. 2020இலும் அந்த மாநிலம் அவருக்கே வாக்களித்தது. டிரம்பின் ஆதரவாளர்களில் பாதிப் பேரைக் கேவலமானவர்கள் என்ற பொருளில் கிளின்டன் சொன்ன சொல்லை அவர்கள் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். உங்கள் பிரியாணி வரி எனக்கு அதைத்தான் நினைவூட்டியது.

*பெங்களூர் அத்தான், 10:02*
ஏமாற்றுகிறவரைக் கேள்வி கேட்டால் ஏமாந்தவரை அவமதித்ததாகிவிடும் என்றால், பிறகு யார்தான் கேள்வி கேட்பது?

*பெரியப்பா, 10:36*
மாப்பிள்ளை, பொட்டலத்தை இழுக்காமல் கேட்டிருந்தால் அது கேள்விதான்.

நான் தமிழாசிரியன், சொல்லைத்தான் பார்ப்பேன். 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மடிக்கணினி கொடுத்தபோது அரசு ‘இலவசம்’ என்று எழுதவில்லை, ‘விலையில்லா’ என்று எழுதியது. அப்போது நான் வகுப்பில் அந்தச் சொல்லைக் கேலி செய்தேன். 2023 செப்டம்பர் 15 முதல் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்துக்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். இருவேறு கட்சிகள், ஆனால் வரிசையில் நிற்பவருக்கு எந்த இடத்தில் சுடும் என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது. நம்மைப் போல் ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்குத்தான் அது தெரியவில்லை. நம் பணத்தை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை அல்லவா?

ஆனால் தம்பி, உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். காணொளியை இறுதிவரை பார்த்தேன். உன் தலையில் இருந்த பாரத்தை இறக்கிய அந்த மனிதர், அதைக் கீழே வைக்கவில்லை. வடமாநிலத்திலிருந்து வந்தவர்கள் நம் வேலையைப் பறிக்கிறார்கள் என்று இன்னொருவன் தலையில் ஏற்றினார். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களை இங்கே தாக்குவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, எத்தனையோ பேர் பயந்து ரயில் ஏறினார்கள். மேடையில் கேட்ட அந்த வரியும் எனக்கு அதே திசையில்தான் போகிறது. உன் பட்டறையை மூடியது பீகார்க்காரனா?

*மேட்டூர் அத்தை, 10:41*
அண்ணா, அவனை விடுங்கள்.

*சித்தப்பா, 11:20*
கேட்கட்டும், அக்கா. கேட்க வேண்டியதுதான்.

இல்லை, அண்ணா, அவர்கள் மூடவில்லை. ஆனால் அந்த வரி வந்தபோது நானும் கை தட்டினேன். சுற்றி எல்லோரும் தட்டினார்கள். இத்தனை காலம் கழித்து, விழுந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று அங்கே தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் யாரைச் சொல்லியிருந்தாலும் தட்டியிருப்பேன்.

*பெங்களூர் அத்தான், 11:24*
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

*பெங்களூர் அத்தான், 11:25*
காலையில் அனுப்பியதை நீக்கப் பார்த்தேன், தவறிப்போய் வேறொன்றை நீக்கிவிட்டேன். அது அப்படியே இருக்கிறது, மாமா.

*சித்தப்பா, 11:31*
இருக்கட்டும். என்னோடு காவல் பணியில் இருப்பவன் பீகார்ப் பையன். அவன் கைப்பேசியிலும் இந்தக் காணொளி வந்திருக்கும். தமிழ் புரியாவிட்டாலும் நீலச் சட்டை அவனுக்குத் தெரியும். இரண்டு மணிக்குப் பணி மாறுகிறோம். அவன்தான் எனக்குக் கதவைத் திறப்பான்.