தம்பி ரிப்போர்ட்ல "ஐடிஹெச்1 மியூட்டன்ட்"னு இருக்கு, என்சைம் மாத்திரை குடுத்தா சரியாகுமா?

டோம்பிவிலி_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க டோம்பிவிலில இருக்கோம், சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். தம்பிக்கு 33 வயசு, தானேல வேலை. காலைல ட்ரெயினுக்கு நிக்கும்போது ஃபிட்ஸ் வந்து பிளாட்ஃபார்ம்லயே விழுந்துட்டான், எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தா நெத்திக்குப் பின்னாடி வலது பக்கம் கட்டி. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, எடுக்க முடிஞ்ச அளவு எடுத்துட்டோம்னு சொன்னாங்க. இப்ப பயாப்சி ரிப்போர்ட்ல டிஃபியூஸ் கிளையோமா (மூளைக்குள்ள பரவி வளர்ற கட்டியாம்), ஐடிஹெச்1 ஆர்132ஹெச் மியூட்டன்ட், அதாவது மாறியிருக்குன்னு போட்டிருக்கு, ஐடிஹெச்ங்கிறது ஒரு என்சைமாம். டாக்டர் அதப் பாத்துட்டு "மியூட்டன்ட்னு வந்தது நல்லதும்மா"ன்னாரு, அடுத்த பேஷண்ட் உள்ள வந்துட்டாங்க, மேல கேக்க முடியல. ஒரு என்சைம் கெட்டுப்போயிருக்கு, அது எப்படிங்க நல்லதாகும்? நடுவுல எங்க சித்தப்பா வேற, என்சைம் கெட்டுச்சுன்னா என்சைம வெளில இருந்து குடுக்க வேண்டியதுதானேன்னு வாட்ஸ்அப்ல வந்தத பாத்து ஏதோ என்சைம் மாத்திரை டப்பா வாங்கிட்டு வந்துட்டாரு, கூடவே பப்பாளி இலைச் சாறு வேற. குடுக்கலாமா? இது பரம்பரையா வருமா? எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க, அதான் பயமா இருக்கு.

சயான்_பயோகெம்:
அக்கா, முதல்ல அந்த டப்பாவ ஓரமா வைங்க. காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி எடுக்கிறவன்ங்கிறதால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

என்சைம் கெட்டுப்போகல, வேற வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு. மொத்த விஷயமும் அதுதான். ஐடிஹெச்1 எல்லார் செல்லுலயும் இருக்கு, ஐசோசிட்ரேட்ங்கிற பொருள ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டா மாத்தும். அதுல 132வது இடத்துல ஆர்ஜினின் இருக்கணும், உங்க தம்பி கட்டில அந்த இடத்துல ஹிஸ்டிடின் வந்திருக்கு, ஆர்132ஹெச்னு எழுதியிருக்கிறது அதைத்தான். அந்த ஒரு எழுத்து மாறினதும் இந்த என்சைம் ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டையே எடுத்து 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்னு வேற ஒண்ணா மாத்துது. கூலிக்கு அரிசி அரைச்சுக் குடுத்த மில்லே, அரைச்ச மாவ திரும்ப உள்ள இழுத்து கலப்பட மாவா வெளில தள்ளுனா எப்படி இருக்கும், அந்த மாதிரி. இதக் கண்டுபிடிச்சு சொன்னது 2009ல.

அந்த கலப்பட சரக்கு பாக்க ஒரிஜினல் மாதிரியே இருக்கும். டிஎன்ஏ மேல இருக்கிற மீத்தைல் அடையாளத்த அழிக்கிற என்சைம் எல்லாம் வேலை செய்ய ஒரிஜினல் வேணும், அதுக்குப் பதிலா இது போய் உக்காந்து அதுங்கள அடைச்சுடுது. அழிக்க ஆள் இல்லாம மீத்தைல் குவிஞ்சுகிட்டே போகும், ஓடவேண்டிய ஜீன் நிறைய ஆஃப் ஆகும், செல்லு முழுசா வளந்து முதிராம பாதிலயே நின்னு பெருகும், கட்டி அப்படித்தான் ஆரம்பிக்குது. ஃபிட்ஸ் வந்ததுக்கும் இதுல பங்கு இருக்கலாம், 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் பாக்க குளூட்டமேட் மாதிரி இருக்கிறதால பக்கத்துல இருக்கிற நரம்பு செல்ல தூண்டி விடுதுன்னு சொல்றாங்க, ஐடிஹெச் மாறின கட்டில ஃபிட்ஸ் அதிகமா வர்றது தெரிஞ்ச விஷயம்.

இப்ப சித்தப்பா மாத்திரைக்கு வருவோம். வாயில போட்ட என்சைம் ஒரு புரோட்டீன், வயித்துலயும் குடல்லயும் பருப்பு முட்டை மாதிரியே செரிச்சுப் போயிடும், மூளைல இருக்கிற செல்லுக்குள்ள போய் சேராது. சேந்தாலும் பிரயோஜனம் இல்ல, இங்க குறைச்சல்னு ஒண்ணும் இல்லயே, ஓடக்கூடாத வேலை ஓடுது, அத நிறுத்தணும். பரம்பரை பயமும் வேணாம். இது பிறந்தப்புறம் மூளைல ஒரு செல்லுல நடந்த மாற்றம், அப்பா அம்மாகிட்ட இருந்து வந்ததில்ல, உங்க பசங்களுக்கு இதனால ஒண்ணும் கிடையாது.

பரேல்_லேப்:
சார் நல்லா சொல்லிட்டாரு. நான் பேத்தாலஜி லேப்ல டெக்னீஷியன், ரிப்போர்ட்ல அந்த வரி எப்படி வருதுன்னு மட்டும் சொல்றேன். ஆபரேஷன்ல எடுத்த துண்ட பாரஃபின் மெழுகுல புதைச்சு இறுக வச்சு (அதத்தான் பிளாக்னு சொல்வோம்), மூணு நாலு மைக்ரான் கனத்துல சீவி ஸ்லைடுல ஒட்டி, ஆர்132ஹெச்-ல மட்டும் ஒட்டிக்கிற ஆன்டிபாடி போடுவோம். மைக்ரோஸ்கோப்ல நார்மல் செல் நீல நியூக்ளியஸோட வெளிறிக் கிடக்கும், கட்டி செல் மட்டும் பிரவுனா, டிகாக்ஷன் கறை மாதிரி தெரியும். ஸ்லைடோட ஓரத்துல, நல்ல மூளைன்னு நினைக்கிற இடத்துல கூட ஒண்ணு ரெண்டு பிரவுன் செல் தனியா சுத்திகிட்டு இருக்கும். "முழுசா எடுத்தாச்சு"ன்னு யாரும் சத்தியம் பண்ணாததுக்கு அதுதான் காரணம். செல்ல சுத்தி இருக்கிற ஜவ்வக் கரைச்சு வழி பண்ண இதுங்களுக்கு எம்எம்பி-2, எம்எம்பி-9னு வேற என்சைம் இருக்கு. அத அடைக்க மாரிமாஸ்டாட்னு ஒரு மருந்து கிளையோபிளாஸ்டோமால (வேகமா வளர்ற மோசமான மூளைக் கட்டி) ட்ரை பண்ணாங்க, ஆயுச கூட்டல.

இன்னொண்ணு அக்கா, அந்த பிளாக்கையும் ஸ்லைடையும் ஆபரேஷன் பண்ண இடத்துல இருந்து எழுதிக் குடுத்து வாங்கி வச்சுக்கோங்க. எங்க உறவுல ஒருத்தருக்கு தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுல பில் கட்டலன்னும் ஆள் லீவுன்னும் சொல்லி பிளாக் தராம இழுத்தடிச்சு, ரேடியேஷனே தள்ளிப்போச்சு. டாட்டா கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்தா அவங்க திரும்ப பாப்பாங்க, பிளாக் இல்லாம போனா வீண் அலைச்சல்.

செம்பூர்_வாசி:
நானும் சொல்லலாமா. எங்க அப்பாவுக்கு வந்தது கிளையோபிளாஸ்டோமா, ஐடிஹெச் வைல்ட் டைப், அதாவது அந்த என்சைம் நார்மலா இருந்துச்சு. நாங்க அப்ப நார்மல்னு பாத்ததும் சந்தோஷப்பட்டோம், அப்புறம்தான் புரிஞ்சுது. 2008ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரங்க 22 கிளையோபிளாஸ்டோமால இருபதாயிரத்துக்கு மேல ஜீன படிச்சப்பதான் இந்த ஐடிஹெச்1 மாட்டுச்சு, மாறியிருந்தவங்க பெரும்பாலும் வயசு கம்மியானவங்க, ஜாஸ்தி நாள் இருந்தவங்களும் அவங்கதான். 2021ல டபிள்யூஹெச்ஓ ரெண்டையும் தனித்தனி வியாதியாவே பிரிச்சுட்டாங்க, ஐடிஹெச் மாறியிருந்தா கிளையோபிளாஸ்டோமாங்கிற பேரே கிடையாது. உங்க டாக்டர் நல்லதுன்னது இதுக்குத்தான் அக்கா. முழுசா குணம்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலும் மெதுவா வளர்ற வகை, டைம் இருக்கு.

எங்கள கவுத்தது வேற என்சைம், எம்ஜிஎம்டி. டெமோசோலமைட்ங்கிற கீமோ மாத்திரை கட்டியோட டிஎன்ஏல ஒரு மீத்தைல சொருகி செல்ல சாகடிக்கப் பாக்கும், எம்ஜிஎம்டி வந்து அதப் பிடுங்கிப் போட்டு ரிப்பேர் பண்ணிடும், ஒரு மூலக்கூறு ஒரே ஒரு மீத்தைலத்தான் எடுக்கும், எடுத்ததும் அதுவும் காலி, ஆனா செல்லு புதுசு புதுசா செஞ்சுகிட்டே இருக்கும். உங்க ரிப்போர்ட்ல "எம்ஜிஎம்டி புரோமோட்டர் மீத்தைலேட்டட்"னு (அந்த ஜீனோட சுவிட்சுல மீத்தைல் ஒட்டியிருக்குன்னு) இருந்தா அந்த ரிப்பேர்காரன் ஆஃப், மாத்திரை நல்லா வேலை செய்யும். அப்பாவுக்கு அன்மீத்தைலேட்டட். ரேடியேஷனோட மாத்திரையும் எடுத்தாரு, வாந்திக்குப் பயந்து வெறும் வயித்துல ராத்திரி குடுப்போம்.

சயான்_பயோகெம்:
செம்பூர் சார், அப்பா விஷயம் கேட்டு வருத்தமா இருக்கு. நீங்க சொன்னதுல ஒரு கனெக்ஷன் இருக்கு பாருங்க, ஐடிஹெச் மாறின கட்டில மீத்தைல் எல்லா பக்கமும் குவியுதுன்னேனே, அதுல எம்ஜிஎம்டியோட சுவிட்சும் பல பேருக்கு சேந்தே ஆஃப் ஆயிடுது. கட்டிய உண்டாக்குற அதே கோளாறு மருந்துக்கு வழியும் விட்டுடுது.

தாராவி_பையன்:
அப்ப சக்கரைய சுத்தமா நிறுத்துனா கட்டி பட்டினி கிடந்து செத்துடும்னு யூடியூப்ல ஒருத்தர் அடிச்சு சொல்றாரே அது?

சயான்_பயோகெம்:
தம்பி, அந்த பேச்சோட மூலம் வார்பர்க், 1931ல நோபல் வாங்குனவர். கேன்சர் செல் குளூக்கோஸ ஜாஸ்தி இழுக்கும்னு சொன்னது நிஜம், கிளையோபிளாஸ்டோமால ஹெக்சோகைனேஸ் 2ங்கிற என்சைம் கூடுறதும் நிஜம். ஆனா நீ டீல சக்கரை போடலன்னா லிவர் குளூக்கோஸ் செஞ்சு ரத்தத்துல விட்டுடும், மூளை அது இல்லாம ஓடாது. பேஷண்ட் இளைச்சதுதான் மிச்சம். மூளை வீக்கத்துக்கு டெக்சாங்கிற ஸ்டீராய்டு குடுக்கிறாங்கன்னா சுகர் ஏறும், அதுக்காக பாத்து சாப்பிடறது வேற கதை.

முலுண்ட்_மாமி:
என்சைம நிறுத்துற மருந்தே வந்துடுத்தே, யாரும் சொல்லலையா? வோராசிடெனிப்னு பேர், அமெரிக்காவுல 2024 ஆகஸ்ட்ல அனுமதி குடுத்தா. ஐடிஹெச் மாறின கிரேடு 2 கட்டிக்கு (மெதுவா வளர்றது), ஆபரேஷன் ஆனவாளுக்கு. டெஸ்ட்ல கட்டி திரும்ப வளராம இருந்த காலம் நடுவாந்தரமா 27.7 மாசம், மருந்து இல்லாத டம்மி மாத்திரை எடுத்தவாளுக்கு 11.1. தினம் ஒரு மாத்திரை. லிவர் எஸ்ஜிபிடி ஏறும், அடிக்கடி ரத்தம் பாக்கணும், அதனால பப்பாளிச் சாறு, கஷாயம்லாம் கூட சேத்து குழப்பாதேங்கோ. வெளிநாட்டுலேந்து சொந்த உபயோகத்துக்கு மருந்து கொண்டுவர டாக்டர் சீட்டோட சிடிஎஸ்சிஓல (மத்திய அரசோட மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ்) ஃபார்ம் 12ஏ போடணும். விலை ரொம்ப ஜாஸ்திம்மா, தம்பிக்கு அது தேவையான்னு டாக்டர்கிட்ட முதல்ல கேளு.

டோம்பிவிலி_அக்கா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு சித்தப்பாகிட்டயும் காட்டிட்டேன், டப்பாவ கடைல திருப்பிக் குடுக்கப் போயிருக்காரு. ரிப்போர்ட்ல இன்னொரு வரி விட்டுட்டேன், "ஏடிஆர்எக்ஸ் லாஸ்ட்"னு இருக்கு, கீழ 1பி/19கியூ டெஸ்ட் பண்ணலாம்னு யாரோ பேனால எழுதியிருக்காங்க, அதுக்கு தனியா காசு கேக்குறாங்க. கட்டட்டுமா?

பரேல்_லேப்:
ஐடிஹெச் மாறி, ஏடிஆர்எக்ஸ்ங்கிற புரோட்டீன் லாஸ்ட்னு, அதாவது கட்டி செல்லுல காணோம்னு வந்துட்டா அது ஆஸ்ட்ரோசைட்டோமாங்கிற கிளையோமா வகை அக்கா, 1பி/19கியூ (ரெண்டு குரோமோசோம் துண்டு போயிருக்கான்னு பாக்குற டெஸ்ட்) பாக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது, அது ஆலிகோடென்ட்ரோகிளையோமாங்கிற இன்னொரு வகைய பிரிக்கத்தான். பணம் கட்டுறதுக்கு முன்னாடி எதுக்குன்னு கேளுங்க. கிரேடு என்னன்னும், சிடிகேஎன்2ஏங்கிற ஜீன பாத்தாங்களான்னும் கேட்டு வாங்குங்க. அது ரெண்டு காப்பியும் போயிருந்தா மைக்ரோஸ்கோப்ல சாதுவா தெரிஞ்சாலும் கிரேடு 4னுதான் (இருக்கிறதுலயே மோசமான கிரேடு) போடுவாங்க, காசு செலவழிக்கிறதா இருந்தா அதுக்கு செலவழிங்க.