புதுப்பிப்பு: ஜூம்பா வகுப்பும் அந்த 540 கலோரியும்

50 நிமிட ஜூம்பா வகுப்பு முடிந்ததும் என் கைக்கடிகாரம் 540 கலோரி என்று காட்டியதை நம்பலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். "மெட் கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. போட்டுப் பார்த்துவிட்டேன்.

மெட் (MET) என்பது ஒரு செயலுக்கு உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்று காட்டும் அலகு. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். அதாவது ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஏறத்தாழ 1 கலோரி. ஜூம்பா போன்ற ஏரோபிக் நடனத்தில் மென்மையான அசைவுகளுக்கு 5, துள்ளிக் குதிப்பதற்கு 7.3 என்று மெட் அட்டவணை சொல்கிறது. என் எடை 62 கிலோ. வகுப்பை நேரம் குறித்துக் கவனித்தேன். உண்மையில் குதித்தது 28 நிமிடம்தான்! 12 நிமிடம் மெதுவான அசைவு, மீதி 10 நிமிடம் தசைகளை நீட்டித் தளர்த்துவது (இதற்கு 2.3). மொத்தம் 297 கலோரி. வீட்டில் சும்மா இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும் 52-ஐக் கழித்தால் 245.

பாதிகூட இல்லை. அன்று மனம் வாடியது உண்மை.

2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே அளந்தன. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவியும் சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மெட் எண்களும் சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். அதனால் என் 245-ஐயும் தோராயமாகவே வைத்துக்கொள்கிறேன்.

கடிகாரத்தை நம்பி வகுப்பு முடிந்ததும் சாப்பிட்டுவந்த இரண்டாவது தோசையை நிறுத்திவிட்டேன். வகுப்பை நிறுத்தவில்லை; நாளை காலையும் போகிறேன்.