செம்மறிகள் வெயிலில் தலையைக் கவிழ்த்து ஒட்டி நிற்கின்றன, வெள்ளாடுகள் மட்டும் மேய்கின்றன. இது சாதாரணம்தானா?

கிளுவைவேலி (தாராபுரம்)

எல்லோருக்கும் வணக்கம்ங்க. எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) இருக்கிறது, சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம் ஒரு முப்பது. அப்பா காலத்தில் இருந்தே மேச்சேரிச் செம்மறிதான். அப்பா தவறிய பிறகு வேலையை விட்டுவிட்டு வந்து, தை மாதத்தில் இருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். செம்மறி 26, வெள்ளாடு 7.

கத்திரி தொடங்கியதில் இருந்து ஒன்றைக் கவனிக்கிறேன். காலை பதினொரு மணி ஆனால் செம்மறிகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒன்றின் வயிற்றுக்கு அடியில் இன்னொன்று தலையைக் கொடுத்து அப்படியே நிற்கின்றன. பத்தடி தள்ளி மர நிழல் இருந்தும் சிலது வெட்டவெளியில்தான் நிற்கிறது. அதே நேரத்தில் வெள்ளாடுகள் வேலியில் முன்னங்கால் இரண்டையும் வைத்து எக்கித் தழை கடிக்கின்றன, அதில் ஒன்று நல்ல கறுப்பு, அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன வாரம் ஒரு சினை ஆடு செத்துப்போனது. ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பார்த்தபோதும் வாயைத் திறந்து இரைத்துக்கொண்டுதான் இருந்தது, விடியற்காலையில் போனபோது இல்லை. பக்கத்தில் சளி என்றார்கள், ஆனால் மூக்கில் ஒன்றும் ஒழுகவில்லை. நாய்த் தொல்லைக்குப் பயந்து மாசியில்தான் கொட்டகை போட்டேன், தகர ஷீட், உயரம் ஏழடி, நாலு பக்கமும் ஹாலோ பிளாக் சுவர், மேலே மட்டும் ஒரு அடி இடைவெளி. மதியம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே அடைத்துச் சோளத்தட்டும் கொஞ்சம் அடர்தீவனமும் போடுகிறேன், சாயந்திரம் திரும்ப விடுகிறேன். தண்ணீர்த் தொட்டி கொட்டகைக்கு வெளியே இருக்கிறது. நான் எதில் தவறு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னும் ஒன்பது ஆடு சினையாக இருக்கிறது.

கரிசக்காட்டுக் கோனார்

தம்பி, ஆடு செத்த வருத்தம் புரிகிறது. நான் விளாத்திகுளம் பக்கம், எங்களிடம் கன்னி என்கிற இன வெள்ளாடும் செம்மறியும் உண்டு, சின்ன வயதில் சித்தப்பாவோடு கிடை ஆட்டுக்குப் பின்னாலேயே தஞ்சாவூர் வரைக்கும் நடந்தவன்.

தலையைக் கவிழ்த்து நிற்பதைப் பற்றி முதலில் பயப்படாதே. செம்மறிக்கு மண்டையில் வெயில் படக்கூடாது, நிழல் கிடைக்காவிட்டால் அடுத்த ஆட்டின் வயிறுதான் அதற்கு நிழல். அப்புறம் இந்த உச்சி நேரத்தில்தான் மூக்கில் புழு விடுகிற ஈ சுற்றும், அதற்குத் தப்பவும் மூக்கைத் தரையோடு வைத்துக்கொள்ளும். ஆனால் ரொம்ப நேரம் ஒட்டி நின்றால் நடுவில் இருக்கிற ஆட்டுக்குக் காற்றே படாது, அதனால் கீதாரி (மந்தையை நடத்துகிற மூத்த மேய்ப்பர்) என்ன செய்வார் என்றால், பதினொரு மணிக்கு முன்னாலேயே பெரிய வேம்பு, புளி பார்த்து ஆட்டை ஓட்டிக்கொண்டுபோய் நிழலடைத்துவிடுவார். அது தானாக நிழலுக்குப் போகும் என்று விட்டுவிடக்கூடாது, ஒரு ஆடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் மற்றதும் நிற்கும்.

வெள்ளாடு வேறு சாதி. அது கூட்டமாக நெருங்கி நிற்காது, தழை தின்னும்போது தலையும் நெஞ்சும் மேலே காற்றில் இருக்கும், சூடு கிளம்புகிற தரையில் முகத்தை வைத்துக்கொண்டிருப்பதில்லை. எங்கள் கன்னி ஆடு கறுப்புதான், முகத்தில் இரண்டு கோடு வெள்ளையாக ஓடும், சித்திரை வைகாசியில் இந்தக் கரிசல்காட்டில் அதுதான் கடைசி வரைக்கும் மேயும்.

எனக்கு நெருடுவது நீ சொன்ன ராத்திரி பத்து மணிதான். பகலில் இரைக்காத ஆடு கிடையாது. ராத்திரியிலும் இரைத்தால் அது வெயில் இல்லை தம்பி, கொட்டகை. உன் அப்பா ஆட்டை எதில் அடைத்தார்? தட்டிகளை நிறுத்திக் கட்டுகிற படலில்தானே?

கிளுவைவேலி (தாராபுரம்)

ஆமாங்க ஐயா, படல்தான். திறந்தவெளியில் காட்டுக்குள்ளேயே இடம் மாற்றி மாற்றிப் போடுவார். படல் இன்னும் இருக்கிறது, கொட்டகைக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன்.

மடிநோய் முதல் (கால்நடை மருத்துவர்)

ஐயா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். பிரேதப் பரிசோதனை இல்லாமல் அந்த ஆடு இதனால்தான் செத்தது என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வெப்ப அயர்ச்சியைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

ஆட்டின் உடல் சூடு சாதாரணமாகவே 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். மாடு அளவுக்கு ஆட்டுக்கு வியர்க்காது. அதனால் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கிற பெரிய வழி மூச்சுதான். நிழலில் சும்மா நிற்கிற ஆடு நிமிடத்துக்கு 20, 30 முறை மூச்சு விடும். வெயில் ஏற ஏற 80, 120 என்று போகும், வாய் மூடியே இருக்கும், மூக்கு வழியாகச் சின்னச் சின்ன மூச்சாக வேகமாக விடும். இது வரைக்கும் அது சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 200ஐத் தாண்டி, அப்புறம் வாயைத் திறந்து ஆழமாக இழுக்க ஆரம்பித்தால் அது தோற்றுக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் கரியமிலவாயு அளவுக்கு மேல் வெளியே போய் ரத்தத்தின் காரத்தன்மை ஏறிவிடும், எச்சில் ஒழுகி உப்புச் சத்தும் போகும்.

மூக்கு வழி மூச்சுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, கல்லூரியில் படித்தபோது எனக்கே பெரிய ஆச்சரியமாக இருந்தது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஆட்டுக்கு அடிமண்டையில் வலை மாதிரி மெல்லிய குழாய்களாகப் பிரிகிறது. மூக்குக்குள் காற்றுப் பட்டுக் குளிர்ந்த ரத்தம் திரும்பி வரும்போது அந்த வலையைச் சுற்றித்தான் வருகிறது. அதனால் உடம்பு கொதித்தாலும் மூளைக்குப் போகிற ரத்தம் கொஞ்சம் குளிர்ந்தே போகும். நமக்கு இந்த வசதி கிடையாது.

இப்போது உங்கள் கொட்டகைக்கு வருகிறேன். பகலில் உடம்பில் சேர்ந்த சூட்டை ஆடு ராத்திரியில்தான் இறக்கி வைக்கும். திறந்த படலில் படுத்தால் வானம் பார்த்த முதுகில் இருந்து சூடு தானாகப் போய்விடும், காற்றும் படும். தகரம் பகல் முழுக்கக் காய்ந்து, ஏழடி உயரத்தில் இருந்து நேராக ஆட்டின் முதுகில் அனலை இறக்குகிறது. ஹாலோ பிளாக் சுவர் பகலில் குடித்த சூட்டை ராத்திரி முழுக்க உள்ளே விடுகிறது. 33 ஆடும் மூச்சு விட்ட ஈரம் வெளியே போக வழியில்லை, காற்றில் ஈரம் ஏறினால் மூச்சு விட்டுக் குளிர்வதும் நடக்காது. ஆடு இறக்கி வைக்க வேண்டிய நேரத்தில் இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது தீவன நேரம். ஆட்டின் பெருவயிறே ஒரு அடுப்பு. தின்றதை நுண்ணுயிரிகள் நொதிக்க வைக்கும்போது சூடு கிளம்பும், அதிலும் சோளத்தட்டு மாதிரி நார்த்தீவனம் அதிகச் சூடு. பன்னிரண்டு மணிக்குப் போட்டால் உச்சி வெயிலும் வயிற்றுச் சூடும் ஒரே நேரத்தில் சேரும். சினை ஆட்டுக்குக் குட்டியின் சூடும் சேர்த்து. விடிய ஐந்தரைக்கு மேய விடுங்கள், பத்தரைக்குள் நிழலடையுங்கள், தட்டை ராத்திரிக்கு மாற்றுங்கள்.

தண்ணீர்: தொட்டியில் கை விட்டுப் பாருங்கள். வெயிலில் காய்ந்த தண்ணீரை ஆடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். வெயில் காலத்தில் தேவை இரண்டு மடங்கு வரைக்கும் ஏறும். தொட்டியை நிழலுக்குக் கொண்டுவாருங்கள், உள்ளே அடைத்த நேரத்திலும் தண்ணீர் எட்ட வேண்டும்.

மறுபடி ஒரு ஆடு வாயைத் திறந்து இரைத்தால் நிழலில் காற்றோட்டமாக நிறுத்தி, கால், வயிறு, தலையில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறி விடுங்கள். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், இரைக்கிற ஆட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து 106 காட்டினால் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒட்டகத்தடம்

நான் சவூதியில் கசீம் பக்கம் ஆறு வருடம் ஆடு பார்த்தேன், இப்போது ஊரில் (பரமக்குடி) சொந்தமாக வைத்திருக்கிறேன். அங்கே நஜ்தி என்று ஒரு செம்மறி, உடம்பு முழுக்கக் கறுப்பு நீள மயிர், முகம் மட்டும் வெள்ளை. 45 டிகிரி வெயிலில் அது எப்படி நிற்கிறது என்று முதல் மாதம் எனக்குத் தூக்கமே வரவில்லை, செத்தால் என் தலையில் விழுமே என்று. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அங்கே காற்றில் ஈரமே கிடையாது, பொழுது சாய்ந்து சில மணி நேரத்தில் மணல் ஆறிவிடும். தண்ணீர் லாரி ஒன்று எப்போதும் நிற்கும், அதன் நிழல் நகர நகர ஆடுகளும் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். நயீமி என்று இன்னொன்று, வாலே ஒரு தலையணை மாதிரி கொழுப்பாகத் தொங்கும்.

ஊருக்கு வந்ததும் எனக்கும் ஆசை, கம்பளி ஆடு வாங்கலாம் என்று. மயிர் வெயிலைத் தாங்கும் என்றால் நம் ஊருக்கும் நல்லதுதானே டாக்டர்?

மடிநோய் முதல் (கால்நடை மருத்துவர்)

வாங்காதீர்கள். கம்பளி வெயிலைத் தடுக்கும் என்பது உண்மை. ஆஸ்திரேலியாவில் மெரினோ ஆட்டுக்குக் கம்பளியின் நுனி 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காயும்போதும் தோலில் அதில் பாதிதான் இருக்கும். ஆனால் வெளிச்சூட்டைத் தடுக்கிற அதே கம்பளி உள்சூட்டையும் வெளியே விடாது. காற்றில் ஈரம் இருக்கிற ஊரில், ராத்திரியும் புழுங்குகிற ஊரில் அது பாரம். நம் மேச்சேரி, கீழக்கரிசல், வெம்பூர், ராமநாதபுரம் வெள்ளை எல்லாமே குட்டை மயிர் ஆடுகள், அது காரணமில்லாமல் வந்ததில்லை. மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாட்டில் கம்பளி ஆட்டை வைத்திருப்பது கொடைக்கானல் மேலே மன்னவனூரில்தான். நீங்கள் சொன்ன வாலும் அதே கணக்குதான், கொழுப்பை உடம்பு முழுக்கத் தோலுக்கடியில் பரப்பினால் போர்வை ஆகிவிடும், ஒரே இடத்தில் மூட்டை கட்டினால் மற்ற இடம் காற்றாடும்.

கறுப்பைப் பற்றி: சினாய், நெகேவ் பாலைவனத்தில் பெதுயின் மக்கள் வளர்க்கிற கறுப்பு வெள்ளாடு இரண்டு முதல் நாலு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் குடிக்கும். அவ்வளவு நாள் காய்ந்துவிட்டு ஒரே மூச்சில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு குடித்துவிடும். அந்தத் தண்ணீரைப் பெருவயிறு தொட்டி மாதிரி பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ரத்தத்துக்கு விடும், இல்லாவிட்டால் ரத்த அணுக்கள் ஊதி உடைந்துவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் நம் ஆட்டுக்குத் தண்ணீரைக் குறைத்துவிட வேண்டாம்.

ஒன்று விட்டுப்போனது. கிடாய் மேல் ஒரு கண் இருக்கட்டும். விதை உடம்பைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்து உருவாகும், அதனால்தான் வெயிலில் விதைப்பை அவ்வளவு இறங்கித் தொங்குகிறது. ஒருமுறை சூடு ஏறிவிட்டால் பாதிப்பு ஆறேழு வாரம் நீடிக்கும், வைகாசியில் வெந்த கிடாய் ஆடியிலும் பிடிக்காமல் போகலாம்.

கிளுவைவேலி (தாராபுரம்)

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். டாக்டர் சொன்ன அன்றைக்கே ராத்திரி ஒன்பது மணிக்கு விலாவைப் பார்த்து எண்ணினேன், கொட்டகைக்குள் ஒரு சினை ஆடு நிமிடத்துக்கு 132. எண்ணி முடித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, இத்தனை நாளாக அடைத்து வைத்துவிட்டு நான் வெளியே கட்டிலில் படுத்திருந்தேன். அப்போதே எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டுப் படலைக் கட்டினேன்.

இப்போது ராத்திரி முழுக்கப் படல்தான், இரண்டு பக்கம் விளக்கு, நாய்க்குக் காவலாக நானும் அங்கேயே படுத்துக்கொள்கிறேன். அதே ஆடு நேற்று அதே நேரத்தில் 38. கொட்டகையின் நீளவாட்டுச் சுவர் இரண்டையும் மூன்றடிக்கு உடைத்துக் கம்பி வலை அடித்தாயிற்று, தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறேன், ஆனிக் காற்று வந்தால் நன்றாகப் புகும் என்று நினைக்கிறேன். தட்டு ராத்திரிக்கு மாறிவிட்டது. தொட்டி வெள்வேல மரத்தடிக்கு வந்துவிட்டது. பத்தரைக்கு ஓட்டிக்கொண்டுபோய் நிழலடைக்கிறேன், ஐயா சொன்ன மாதிரி முதல் ஆட்டைத் திருப்பினால் போதும், மற்றது பின்னால் வந்துவிடுகிறது.

வெள்வேல நெற்று இப்போது உதிர ஆரம்பித்திருக்கிறது, நிழலில் நின்றபடியே பொறுக்கித் தின்கின்றன. முந்தாநாள் விடியற்காலை ஒரு ஆடு படலுக்குள்ளேயே குட்டி போட்டது, பெட்டைக் குட்டி, நன்றாகப் பால் குடிக்கிறது.