மூன்று மாடல் ரயில் ஒன்றாக ஓட எந்த பவர் சப்ளை வாங்கலாம்?
வணக்கம் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். மாடி அறையில் எட்டுக்கு நாலு பலகையில் ஹெச்ஓ அளவு மாடல் ரயில் தண்டவாளம் போட்டிருக்கிறேன், 16.5 மில்லிமீட்டர் கேஜ். இப்போதிருக்கும் 1 ஆம்பியர் டிசி கன்ட்ரோலரில் ஒரு இன்ஜின் அருமையாக ஓடுகிறது, இரண்டாவதை வைத்தால் இரண்டும் ஒரே திசையில்தான் போகின்றன, மூன்றாவதையும் வைத்தால் ஹெட்லைட் மங்கி, மேடு ஏறும் இடத்தில் எல்லாமே நின்றுவிடுகின்றன, கன்ட்ரோலரும் கை வைக்க முடியாத சூடு. அதனால் ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறையான டிசிசிக்கு மாறப் போகிறேன்.

மல்டிமீட்டரில் பார்த்தேன், ஆறு பெட்டியை இழுக்கும்போது ஒரு இன்ஜின் 0.4 ஆம்பியர் வரை எடுக்கிறது. மூன்று இன்ஜினோடு பெட்டி விளக்குகளையும் சேர்த்தால்கூட 2 ஆம்பியரைத் தாண்டாது. கடைக்காரர் 5 ஆம்பியர் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு கரன்ட் கொடுக்கும் கருவி) எடுக்கச் சொல்கிறார். தடம் புரண்டு ஷார்ட் ஆனால் அவ்வளவு கரன்ட்டில் சக்கரமும் பாயின்டும் (தடம் மாற்றும் அமைப்பு) கருகிவிடுமே என்று பயமாக இருக்கிறது. 3 ஆம்பியர் போதுமா, இல்லை 5 எடுத்து தண்டவாளத்தை இரண்டாகப் பிரித்து தனித்தனி சர்க்யூட் பிரேக்கர் போடுவது நல்லதா?

அப்புறம், வீட்டில் சும்மா கிடக்கும் 15 வோல்ட், 4 ஆம்பியர் லேப்டாப் அடாப்டரை டிசிசியின் கட்டுப்பாட்டுக் கருவியான கமாண்ட் ஸ்டேஷனுக்குக் கொடுக்கலாமா? யாராவது அப்படி ஓட்டியிருந்தால் அவசியம் சொல்லுங்கள்.